பக்கத்துக் காலி மனை

பெங்களூருவின் எந்த லேஅவுட்டிலும் நாலு வீட்டுக்கு ஒரு காலி சைட் இருக்கும். முப்பதுக்கு நாற்பது, அதாவது 1,200 சதுர அடி. ஓனர் கலிபோர்னியாவிலோ ஹாசனிலோ இருப்பார். விலை ஏறட்டும் என்று மனை காத்துக் கிடக்கும். அதுவரை அக்கம்பக்கத்தார் வேண்டாமென்று கழித்ததெல்லாம் அங்கே போய்ச் சேரும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருந்த மனையில் உடைந்த கழிப்பறைத் தொட்டி, இடித்த சுவரின் செங்கல், இரண்டு டயர், யாரோ பரணைக் காலி செய்தபோது வந்து விழுந்த பெயின்ட் டப்பாக்கள் எல்லாம் இருந்தன. கோடை மழை இரண்டு விழுந்ததும் இவை ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து மறையும். ஜூலையில் பார்த்தால் மனை முழுக்க இடுப்புயரப் பச்சை, அதன்மேல் பொரி தூவியதுபோல வெள்ளைப் பூ.

கன்னடத்தில் அதற்குக் 'காங்கிரஸ் கிட' என்று பெயர். தாவரவியல் பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டெரோஃபோரஸ். இலை கேரட் இலைபோல வெட்டுவெட்டாக இருப்பதால் வடக்கே 'காஜர் காஸ்' என்பார்கள். காங்கிரஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. பூவின் வெள்ளை கதர்க் குல்லாயை நினைவூட்டியதாம். காங்கிரஸ் ஆட்சியில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்ததாம். இரண்டாவது கதையை நான் படித்தவர்களிடமிருந்தும் படிக்காதவர்களிடமிருந்தும் ஒரே உறுதியோடு கேட்டிருக்கிறேன். ஆனால் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. அமெரிக்காவின் பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தின்கீழ் இந்தியாவுக்குக் கோதுமை தர ஒப்பந்தமானது 1956 ஆகஸ்டில். புனேயில் இந்தச் செடியைக் கண்டதாகத் தாவரவியலாளர்கள் சொல்வது 1955ஐ ஒட்டி. அதற்கும் வெகு முன்னால், 1814இல் கல்கத்தா தாவரத் தோட்டத்துச் செடிகளுக்கு தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் போட்ட பட்டியலிலேயே இந்தச் செடியின் தாவரவியல் பெயர் இருக்கிறது. அதற்காகக் கோதுமையை முழுக்க விடுவித்துவிடவும் முடியாது. 1951இலேயே அமெரிக்கா கடனாகக் கோதுமை அனுப்பியிருக்கிறது. செடி பலமுறை, பல வழிகளில் வந்திருக்கலாம். ஒரு தடவைதான் அதற்குத் தோதான நிலம் கிடைத்தது.

தோதான நிலம் என்றால் எது? கலைந்த நிலம். சொந்த ஊரான மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் இது ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் முளைக்கும் சாதாரணச் செடி. புல்லும் புதரும் அடர்ந்து நிற்கும் இடத்தில் இதற்கு வேலை இல்லை. மண்ணைக் கிளறி, மேல்மூடியை உரித்து, வெயில் படும்படி விட்டுவிட்டால் முதலில் வந்து உட்காரும். ஐம்பது ஆண்டுகளாக ஊரின் ஓரத்தை உரித்து உரித்து லேஅவுட் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு நகரத்தைவிட அதற்கு வேறென்ன வேண்டும்?

ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை உதிர்க்கும். என் பக்கத்து மனையில் நூறே செடி பூத்ததாக வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையில் அதற்கும் மேல்). குறைந்த கணக்கில் 15 லட்சம் விதை. சதுர அடிக்கு 1,250. நல்ல மழை இருந்தால் முளைத்த ஒரு மாதத்துக்குச் சற்று மேலே பூத்துவிடும். இந்த மாதம்தான் பூப்பது என்ற கட்டுப்பாடும் கிடையாது. இளஞ்செடி தன் இலைகளைத் தரையோடு தரையாக வட்டமாக விரித்துப் பக்கத்து முளைகளுக்கு வெயிலை மறைக்கும். வேரும் உதிர்ந்த இலையும் மண்ணில் கசியவிடும் பொருட்கள் பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கும். பூத்த பிறகு ஆத்திரத்தோடு பிடுங்கி உதறினால், நாம் செய்வது விதைப்புதான். தரைக்கு மேலே வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும்.

முதல் இரண்டு வருடம் நான் வெறுங்கையால்தான் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருடம் மணிக்கட்டில் ஆரம்பித்த அரிப்பு கழுத்துக்கும் கண்ணிமைக்கும் ஏறியது. தோல் மருத்துவர் பார்த்தவுடனே, "தோட்ட வேலை பண்றீங்களா?" என்றார். இந்தத் தாமதம்தான் இந்தச் செடியின் சூழ்ச்சி. இலையிலும் பூவிலும் உள்ள நுண்ணிய மயிர்களில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் உருவத்தை மாற்றிவிடும். உடம்பின் காவல் அணுக்கள் மாறிய உருவத்தை அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்ளும். குறித்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். ஒருமுறை குறித்துவிட்டால் பிறகு காற்றில் வரும் செடித்தூள் போதும். 'எனக்கு ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லிப் பிடுங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: இன்னும் பண்ணவில்லை.

பெங்களூரு இந்தச் செடியின் ஆய்வுக்கூடமாகவே இருந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பாராவும் அவரோடு இருந்தவர்களும் எழுபதுகளிலிருந்து இதன் ஒவ்வாமையை ஆராய்ந்தார்கள். 1991இல் அந்தக் குழு வெளியிட்ட கணக்கின்படி, நகர மக்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குப் பார்த்தீனிய மகரந்தத்தால் மூக்கொழுகலும் தும்மலும் இருந்தன. அதற்கு முன்பே, 1975இல், கர்நாடக அரசு தன் பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ் இதைத் தீங்கு தரும் களையாக அறிவித்துவிட்டது. தன் நிலத்தில் முளைத்ததை நீக்குவது நிலத்துக்காரரின் கடமை ஆயிற்று. அறிவிப்பைச் செடி படிக்கவில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் ஓனரும் படித்ததாகத் தெரியவில்லை.

சட்டம் தோற்ற இடத்தில் ஒரு வண்டு வந்தது. ஆனால் வண்டுக்கு முன்னால் ஒரு கள்ளியின் கதையைச் சொல்ல வேண்டும். அது சென்னையில் தொடங்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பட்டுக்கும் ராணுவ உடுப்புக்கும் சிவப்பு தந்தது கோச்சினீல் என்ற பூச்சி. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு போர்த்தி வாழும்; நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாயம். வியாபாரம் முழுக்க ஸ்பெயினின் கையில். அதை உடைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி தவித்தது. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனின் ஏற்பாட்டில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். கள்ளி வந்துவிட்டது, பூச்சிதான் வரவில்லை. 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது வேறு வகை. சாயம் மட்டம், ஆனால் கள்ளியைத் தின்னும் வேகம் பிரமாதம். சில வருடங்களில் சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடிவிட்டு அங்கிருந்த செடிகளில் சிலவற்றைப் பெங்களூரு லால்பாகுக்கு மாற்றினார்கள். சாயக் கனவு அதோடு முடிந்தது.

பூச்சியின் வேலை முடியவில்லை. வடக்கே அது பரவிய இடங்களில் ஒரு வகைக் கள்ளி அழிவதைப் பார்த்தவர்கள், 1836ஐ ஒட்டி அதைத் தெற்கே கொண்டுவந்தார்கள். 1860களில் இலங்கைக்கும் எடுத்துப் போனார்கள். ஒரு களையை ஒழிக்கவென்றே பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பியது உலகில் அதுதான் முதல் தடவை என்று பாடநூல்கள் எழுதுகின்றன. தமிழ்நாட்டின் தெற்கு மாவட்டங்களை அடைத்துக்கொண்டிருந்த இன்னொரு கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு வேறு இனம் தேவைப்பட்டது. 1926இல் இலங்கையிலிருந்து டாக்டிலோப்பியஸ் ஒபன்ஷியே வந்தது. சில ஆண்டுகளில் முள்காடு சரிந்து நிலம் வெளியே தெரிந்தது. இன்றும் கிராமத்துப் பக்கம் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சைக் கண்டால் நசுக்கிப் பாருங்கள். விரலில் ஒட்டும் சிவப்பு அந்தக் கம்பெனிக் கனவின் நிறம்.

கள்ளி கற்றுத்தந்த பாடத்தை எளிதாகச் சொல்லலாம். வெளியூரிலிருந்து வந்து ஊரையே வளைக்கும் செடி, தன் பகையாளிகளைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. அவர்களில் ஒருவரைப் போய் அழைத்து வா. சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது: வந்தவர் வேறு எதையாவது தின்னத் தொடங்கினால்?

1983இல் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டு வந்தது. பெயர் சைகோகிராமா பைகலொரேட்டா. ஆறு மில்லிமீட்டர் நீளம், பாலேட்டு நிற முதுகில் பழுப்புக் கோடுகள். பார்க்க அழகு. ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய உருளைக்கிழங்கு வயல்களை மொட்டையடித்த கொலராடோ வண்டும் இதே குடும்பம்தான். ஆகவே அந்த நிறுவனத்து விஞ்ஞானி கே.பி. ஜெயந்த்தும் உடனிருந்தவர்களும் அதைக் கூண்டிலேயே வைத்து, இங்கே விளையும் செடிகளை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார்கள். நாற்பது வகைச் செடிகள். பார்த்தீனியத்தைத் தவிர வேறெதிலும் அதனால் பிழைத்துப் பெருக முடியவில்லை. 1984இல் திறந்துவிட்டார்கள்.

முதல் மூன்று வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இந்தத் துறையில் பொறுமை இழப்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். 1988 வாக்கில் பெங்களூருவைச் சுற்றி மழைக்காலத்தில் பார்த்தீனியப் புதர்கள் இலையின்றி வெறும் குச்சிகளாக நின்றன. வண்டும் தின்னும், புழுவும் தின்னும். இளங்குருத்தைத் தின்றுவிட்டால் செடி பூக்காது. மழை நின்றதும் வண்டு மண்ணுக்குள் இறங்கித் தூங்கிவிடும். அடுத்த மழைக்கு எழுந்து வரும். பிற்காலத்தில் யாரும் கொண்டுபோகாமலே எல்லை தாண்டி, 2003இல் பாகிஸ்தானிலும் தென்பட்டது. விசா யாரும் கேட்கவில்லை.

அதற்குள் ஒரு வழக்கு வந்துவிட்டது. நீதிமன்ற வழக்கல்ல, ஊர் வழக்கு. கர்நாடகத்தில் சூரியகாந்தி வயல்களில் இதே வண்டு இலையைக் கடிப்பதை விவசாயிகள் பார்த்தார்கள். சூரியகாந்தியும் பார்த்தீனியமும் ஒரே தாவரக் குடும்பம். 'களையைக் கொல்லக் கொண்டுவந்தது பயிரைத் தின்கிறது' என்ற சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அரசு உண்மையறியும் குழு அமைத்தது. வண்டை விடுவதும் சில ஆண்டுகள் நின்றது. ஹெசரகட்டா விஞ்ஞானிகள் 1993இல் ஒரு விளக்கம் தந்தார்கள். வயலைச் சுற்றி நின்ற பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்திருந்தது. வண்டுக்கு அந்த வாசனைதான் சாப்பாட்டு மணி. மகரந்தம் இருந்த இலையைக் கடித்தது, இல்லாத இலையை விட்டது.

நேர்த்தியான சோதனை அது. இருந்தாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கூண்டுக்குள் நாற்பது செடிகளை நீட்டியபோது, இலைமேல் வேறொரு செடியின் மகரந்தம் படிந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? வண்டு குற்றவாளி அல்ல என்று முடிவானது சரி. கேள்வி கேட்ட விவசாயியும் தவறு செய்யவில்லை. பசிஃபிக் தீவான மோரியாவில் 1977இல் ராட்சச ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க இன்னொரு ஊனுண்ணி நத்தையை விட்டார்கள். அது பெரிய நத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய சிறிய மரநத்தைகளைத் தின்று பத்தாண்டுகளில் காடுகளிலிருந்தே துடைத்துவிட்டது. வேண்டாததை ஒழிக்கப் போய் வேண்டியதை ஒழித்த கதைகளும் இந்த அறிவியலின் வரலாறுதான்.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பப்பாளி சாட்சி. 2008இல் கோயம்புத்தூரில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டார்கள். அதுவும் மெக்சிகோப் பக்கத்து ஆள். இரண்டே ஆண்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் வெள்ளை மாவு அப்பியது. கொல்லைப்புற மரத்துக்கு மருந்தடித்து மாளாது. மெழுகு மூடிய பூச்சி, அடித்த மருந்து அதன்மேல் வழிந்து ஓடும். 2010இல் பெங்களூரு ஹெப்பாளத்தில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு பியூர்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை நுண்குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசெரோஃபாகஸ் பப்பாயே என்பது எள்ளைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். ஓரிரு ஆண்டில் மாவு உதிர்ந்தது. குளவியைக் கண்ணால் பார்த்த வீட்டுக்காரர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். மருந்து அடித்துக்கொண்டே இருந்தவர் தோட்டத்தில் பூச்சிக்கு முன்னால் குளவி செத்திருக்கும்.

திரும்பவும் மனைக்கு வருவோம். வண்டு பார்த்தீனியத்தை மொட்டையடித்த இடங்களில் பிறகு என்ன முளைத்தது என்பதையும் ஜெயந்த் குழுவினர் கணக்கெடுத்தார்கள். அதுவரை அடங்கிக் கிடந்த புற்களும் பூண்டுகளும் தலையெடுத்தன. என்னைக் கேட்டால் இந்த அத்தியாயத்தின் உயிர் அந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறது. செடியை எடுப்பது பாதி வேலை. எடுத்த இடத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது மீதி. வெற்றுத்தரை வெற்றாக இருக்காது. கர்நாடக வேளாண் விஞ்ஞானிகள் இதைப் புரிந்துகொண்டு, சாலையோரங்களில் ஒரு வகைத் தகரையின் விதையைத் தூவச் சொன்னார்கள். அது கூட்டமாக முளைத்துப் பார்த்தீனியத்தை மூச்சுமுட்ட வைத்தது. அந்தத் தகரையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான் என்பது வேடிக்கை. துலுக்கச் சாமந்தியும், நம் ஊர்த் துத்தியும் கொழிஞ்சியும்கூட இந்த வேலையைச் செய்யும்.

அக்கம்பக்கத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து மனையைச் சுத்தம் செய்தோம். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, பூப்பதற்கு முன்னால், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, வேரோடு. பூக்காத செடியை எருக்குழியில் போட்டு மூடலாம். காய்ந்த செடியைக் கொளுத்த ஒருவர் தீப்பெட்டி எடுத்தார். புகையிலும் ஒவ்வாமை வரும் என்று தடுத்தோம். உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்றார் இன்னொருவர். அதில் செடி சாகும் என்பது உண்மை. கூடவே மண்ணும் சாகும். பிறகு அந்த இடத்தில் சாமந்தியும் கொழிஞ்சியும் விதைத்தோம்.

செடி போனதும் குப்பை வெளியே தெரிந்தது. செங்கல் குவியலைப் புரட்டினால் அடியில் உள்ளங்கை அகல நத்தைகள். மோரியாவில் ஒழிக்கப் பார்த்தார்களே, அதே ராட்சச ஆப்பிரிக்க நத்தை. 1847இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த இனம். ஏன் இடிபாட்டைத் தேடி வருகிறது? நிழலும் ஈரமும் ஒரு காரணம். ஓடு கட்ட அதற்குச் சுண்ணாம்பு வேண்டும்; சிமென்ட் பூச்சை நக்கித் தின்னும் என்பது இன்னொரு காரணம். நாம் இடித்துப் போட்ட சுவர் அதற்கு வீடும் சாப்பாடும். கையால் தொடாமல் கரண்டியால் வாளியில் அள்ளினோம். மூளையைத் தாக்கும் ஒரு வகைப் புழு அதன் உடம்பில் இருக்கக்கூடும்.

டயரிலும் பெயின்ட் டப்பாவிலும் தேங்கிய மழைநீரில் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் துள்ளின. டெங்குக் கொசு. தண்ணீரைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கவிழ்த்தால் போதும் என்று நானும் பல வருடம் நம்பியிருந்தேன். அந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீருக்குச் சற்று மேலே டப்பாவின் சுவரில் ஒட்டும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் நனைந்தால் பொரியும். மண்ணில் உறங்கும் பார்த்தீனிய விதை செய்வதைத்தான் தகரத்தில் அதுவும் செய்கிறது. தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட வேண்டும். அவர் எடை போட்டு நாற்பது ரூபாய் கொடுத்தார். டயரை வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டு வருடம் மனை நன்றாகவே இருந்தது. சாமந்தி பூத்தது, துத்தி தானாக வந்தது. பிறகு விலை ஏறியது. ஒரு காலை ஜேசிபி வந்து நின்று, மதியத்துக்குள் மேல்மண் முழுவதையும் வழித்து டிராக்டரில் ஏற்றிவிட்டது. எங்கே போகிறது என்று டிரைவரிடம் கேட்டேன். ஏதோ பார்க்கில் மேடு போடுகிறார்களாம். பழைய விதைகள் இலவசமாகப் பயணம் போயின.

இப்போது அங்கே மூன்று மாடி வீடு எழும்பிவிட்டது. சென்ற ஜூனில் முதல் மழைக்குப் பிறகு, புது கேட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே கொட்டிய மணலில், தரையோடு விரிந்த பத்துப் பன்னிரண்டு இலைவட்டங்கள். கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தேன். முதல் இலையைப் புரட்டினால் அடியில் வெளிர்மஞ்சள் முட்டைகள் மூன்று. பக்கத்துச் செடியில் கோடு போட்ட வண்டு ஒன்று, என்னைச் சட்டை செய்யாமல் குருத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

புது ஓனர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சார், பிடுங்கலையா?"

"பூக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. பத்து நாள் பார்ப்போம்" என்றேன்.